தாரை வார்க்கும் முன்

பத்மஜா இருபது வருடமாகக் கல்யாணங்களை நடத்திக் கொடுப்பவள். மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் அங்குள்ள மண்டபக்காரர்கள், சமையல் கான்ட்ராக்டர்கள், சாஸ்திரிகள், நாதஸ்வரக்காரர்கள் எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. ஒரு குடும்பம் உள்ளே வந்து உட்கார்ந்ததுமே இதில் யார் பேசப் போகிறார்கள், யார் தலையை மட்டும் ஆட்டப் போகிறார்கள், யார் கடைசி நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அவளால் ஊகித்துவிட முடியும்.

மாரிசெல்வி வந்த அன்று அந்த ஊகம் எதுவும் வேலை செய்யவில்லை.

மூன்று பேராக வந்திருந்தார்கள். நயினார், தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் மாரிசெல்வி, வாஷியில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் வேலை பார்ப்பவள். கூடவே அவளுடைய தோழி உமைரா. மாரிசெல்விக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவள் கட்டிக்கொள்ளப்போகும் வெங்கிக்கும் அப்படித்தான். உமைராவுக்குக் கேட்கும். ஆனால் அவளுடைய அம்மா, அப்பா இருவருக்குமே கேட்காது என்பதால் வாய் திறந்து பேசுவதற்கு முன்பே கையால் பேசப் பழகிவிட்டவள். இப்போது அதுவே அவளுக்கு வேலை. கையால் பேசுவதை வாயாலும், வாயால் பேசுவதைக் கையாலும் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வாள்.

பத்மஜா வழக்கம்போல ஆரம்பித்தாள். "பொண்ணுக்கு எந்த மாதிரி டெக்கரேஷன் பிடிக்கும்?" என்று உமைராவைப் பார்த்துக் கேட்டாள்.

மாரிசெல்வி மேஜையை விரலால் தட்டினாள். பத்மஜா திரும்பியதும் தன் முகத்தைச் சுட்டிக்காட்டிச் சிரித்தாள்.

"அவளைப் பாத்தே கேளுங்க மேடம்," என்றாள் உமைரா. "அவ சொல்லுறதை நான் உங்களுக்குச் சொல்லுதேன்."

பத்மஜாவுக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாரிசெல்வியைப் பார்த்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

மாரிசெல்வி லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். மாட்டுங்காவில் அவர்கள் பார்த்து வைத்திருந்த மண்டபம் முழுவதும் அதில் வரைபடமாக இருந்தது. தூண்கள், ஜன்னல்கள், மேடையின் உயரம், ஒவ்வொரு நாற்காலி. எந்த நாற்காலியிலிருந்து மேடை தெரியும், எதிலிருந்து தெரியாது என்று நிறம் போட்டுக் காட்டியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை தானே போய் டேப் வைத்து அளந்தாளாம்.

அவள் கை அசைய அசைய உமைரா சொல்லிக்கொண்டே போனாள். "எல்லாக் கல்யாணத்துலயும் தாலி கட்டும்போது போட்டோக்காரங்க முதுகுதான் எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மேளச் சத்தம் வந்ததும் தாலி கட்டியாச்சுன்னு தெரிஞ்சிரும், உக்காந்த இடத்துல இருந்தே அட்சதை போட்டுருவீங்க. நாங்க முதுகைப் பாத்து அட்சதை போடுதோம். என் கல்யாணத்துல அப்படி வேண்டாம். பாதி ஆளுங்க எங்க சிநேகிதங்கதான். கேமரா ரெண்டு ஓரத்துலயும் நிக்கட்டும், நடுவுல யாரும் வரக்கூடாது. தூணுக்குப் பின்னால நாற்காலி வேண்டாம். லைட்டைக் குறைக்கக் கூடாது. இருட்டுல எங்களால பேச முடியாது."

பத்மஜா எழுதிக்கொண்டாள். இருபது வருடத்தில் மேடையின் அழகைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"அப்போ மேளம் வேண்டாம்னு வெச்சுக்கலாமா? பாட்டுக் கச்சேரியும் இல்லை," என்றாள்.

மாரிசெல்வி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். நாதஸ்வரக்காரர் ஒருவர் போதும், ஆனால் தவில் இரண்டு வேண்டும். மேடை மரப்பலகையாக இருக்க வேண்டும், மேலே கம்பளம் விரிக்கக் கூடாது. பலகைமேல் உட்கார்ந்தால் தவில் எலும்பு வரைக்கும் வரும் என்று அவள் காட்டியபோது, கை வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏறிய விதத்திலேயே பத்மஜாவுக்கு அது புரிந்தது.

கடைசியாக மாரிசெல்வி ஒன்று கேட்டாள். அதைக் கேட்கும்போது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை.

"தாரை வார்க்கும்போது அப்பாவோட ரெண்டு கையும் என் கையைப் பிடிச்சிருக்கும். அந்த நேரத்துல எல்லா அப்பாவும் மகள்கிட்ட ஏதாவது சொல்லுவாங்க. எங்க அப்பா எப்படிச் சொல்லுவாங்க? அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் அப்பா கை சும்மா இருக்கணும். அதை நீங்க ப்ரோக்ராம்ல போடணும்."

நயினார் சங்கடத்தோடு நெளிந்தார். மகளைப் பார்த்துக் கையை அசைத்துக்கொண்டே வாயாலும் சொன்னார். "அது எதுக்குட்டி. அத்தனை பேரு முன்னால நான் என்னத்தப் பேச."

பிறகு பத்மஜாவிடம் திரும்பினார். "இவளுக்கு நாலு வயசுல பள்ளிக்கூடத்துல சேத்தோம் மேடம். வீட்டுக்கு வந்து கையை கையை ஆட்டுதா, எனக்கும் இவ அம்மைக்கும் ஒண்ணும் விளங்கல. தாதர் ஸ்டேஷன்ல சாயங்காலம் காது கேக்காத பையங்க கூடி நின்னு பேசுவாங்க. பட்டறையை மூடிட்டு அங்க போயி நிப்பேன். வெரட்டல, ஆராம்ஸே, நிதானமா சொல்லிக் குடுத்தாங்க. அங்க கத்துக்கிட்டதை ராத்திரி இவ அம்மை மீனாட்சியம்மாளுக்குச் சொல்லிக் குடுப்பேன். அப்படித்தான் எங்க வீட்டுல பேச்சு வந்துச்சு."

இதைப் பெரிய விஷயமாக அவர் சொல்லவில்லை. ரேஷன் கார்டு வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார். பத்மஜா அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது, வேலை முடிந்த களைப்போடு பிளாட்பாரத்தில் நின்று முன்பின் தெரியாத பையன்களின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளை நினைத்துக்கொண்டே போனாள்.

வெங்கியின் வீடு செம்பூரில்தான். பாலக்காட்டுக் குடும்பம். அவனுக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தாராவியில் பெண் எடுப்பதைப் பற்றி அந்த வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது. வெங்கியின் அப்பா அனந்தகிருஷ்ணன் பெண்ணை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வந்து, இதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் அம்மா அம்மிணிக்கு வேறு ஒரு மனத்தாங்கல் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் பத்மஜாவுக்கு போன் செய்தாள்.

"பத்மஜா, ஒரு காரியம் சொல்லணும். மேடையில ஒரு பொண் நின்னுண்டு கையை ஆட்டப் போறாளாமே. அது வேண்டாம். என் கொழந்தை உதட்டைப் பாத்தே எல்லாம் மனசிலாக்கிப்பன். நான் பழக்கியிருக்கேன்."

"மாமி, பொண்ணுக்கும் வேணுமே. வரவாள்ல பாதிப் பேருக்கு வேணும்."

அம்மிணி மெதுவாகச் சொன்னாள். "அவனுக்கு மூணு வயசு. கையால பேச விட்டா வாய் வராதுன்னு டாக்டர் சொன்னார். பேங்க் வேலையை விட்டேன். மெழுகுதிரியைக் கொளுத்தி முன்னால வெச்சுண்டு 'ப', 'ப'ன்னு சொல்லிக் கொடுப்பேன். சுடர் ஆடித்துன்னா சரியாச் சொல்றான்னு அர்த்தம். கையைத் தூக்கினான்னா பிடிச்சு மடியில வெச்சுப்பேன். வருஷக்கணக்கா அப்படித்தான். இன்னிக்கு அவன் கடையில போய் வாயைத் திறந்து சாமான் கேட்டு வாங்கறான். நாலு பேர் முன்னால மேடையில கையை ஆட்டிண்டிருந்தா, நான் பட்டதெல்லாம் எதுக்குன்னு ஆயிடும், கேட்டேளா."

பத்மஜா மாரிசெல்விக்கு விஷயத்தை மெசேஜில் அனுப்பினாள். கோபமாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தாள். 'அத்தையை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு அழைத்து வாருங்கள்' என்று மட்டும் பதில் வந்தது.

மண்டபத்தில் மாரிசெல்வி வெங்கியை மணை போடப்போகும் இடத்தில் உட்கார வைத்தாள். சாஸ்திரிகள் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்தாள். ஹோமத்துக்கு நெய் விடுகிறவர் மாதிரி தலையைக் குனிந்து, கீழே பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தாள். வெங்கி எட்டிப் பார்த்தான், சாய்ந்து பார்த்தான், அம்மாவைப் பார்த்துக் கையை விரித்தான். சாஸ்திரிகளின் வாய் தெரியாது. போதாக்குறைக்கு அன்று புகை வேறு இருக்கும்.

அம்மிணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு மாரிசெல்வி எழுந்து வந்து போனில் வரைபடத்தைக் காட்டினாள். மேடையின் வலது மூலையில் ஒரு நாற்காலிக்கு மட்டும் மஞ்சள் நிறம் போட்டிருந்தது. உமைரா சொன்னாள்: "இது உங்க நாற்காலி அத்தை. வெங்கி எப்ப தலையைத் தூக்கினாலும் உங்க முகம் நேரா தெரியும். ஏதாவது சொல்லணும்னா அங்க இருந்தே சொல்லலாம், அவருக்கு உங்க உதடு தெரியும். நடுவுல யாரும் நிக்க மாட்டாங்க."

அம்மிணி அந்த மஞ்சள் கட்டத்தையே பார்த்தாள். சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

கல்யாணம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. ஆனால் பத்மஜா பழகிய இரைச்சல் அதில் இல்லை. வலது பக்கம் சொந்தக்காரர்களின் சலசலப்பு. இடது பக்கம் முழுவதும் கைகள். மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சிநேகிதர்கள் கத்தாமலே பேசிக்கொண்டார்கள். கேலி செய்தார்கள், தோளில் தட்டிச் சிரித்தார்கள். தவில்காரர்கள் வாசித்துப் பார்க்க ஆரம்பித்ததும் குழந்தைகள் ஓடிவந்து மேடை விளிம்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள். பின்னாலேயே பெரியவர்கள் சிலரும் வந்து வைத்தார்கள். இரண்டு தவில்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வாசித்த வாசிப்பைப் பத்மஜா வேறெந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கும். சயான் பக்கம் ஒரு லாரி குறுக்கே நின்றுபோய், மாப்பிள்ளை வீட்டு பஸ் மாட்டிக்கொண்டது. அவர்கள் வந்து இறங்கும்போது முகூர்த்தத்தில் பாதி போய்விட்டது. சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எதையெதைக் குறைக்கலாமோ குறைச்சுடுங்கோ மாமா," என்று பத்மஜாவேதான் அவரிடம் சொன்னாள்.

அவர் குறைத்தார். மாலை மாற்றியதும் நேராகத் தாரை வார்ப்பதற்கு வந்துவிட்டார். நயினாரைக் கூப்பிட்டு நிறுத்தி, மாரிசெல்வியின் வலது கையை எடுத்து அவர் கையில் வைத்தார். அதை மாப்பிள்ளையின் கையில் சேர்க்கச் சொன்னார். மீனாட்சியம்மாள் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் தயாராக நின்றாள்.

மாரிசெல்வி கையை இழுத்துக்கொண்டாள்.

வலது பக்கச் சலசலப்பு சட்டென்று நின்றுபோயிற்று. நாதஸ்வரம் பாதியில் தயங்கியது. முன்வரிசையில் யாரோ, "பொண்ணுக்கு இஷ்டமில்லையா?" என்று கேட்டது பத்மஜாவின் காதில் விழுந்தது. அனந்தகிருஷ்ணன் எழுந்துவிட்டார். சாஸ்திரிகள், "முகூர்த்தம் போயிண்டிருக்கு," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

மாரிசெல்வி அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்மஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குறைக்கச் சொன்னதில் அப்பா பேச வேண்டிய நேரமும் போய்விட்டிருந்தது. அவள் மேடையேறி சாஸ்திரிகளிடம் குனிந்து சொன்னாள். "கொஞ்சம் இருங்கோ மாமா. பொண்ணோட அப்பா அவகிட்ட பேசணும். இதுக்கு நேரம் இருக்கு."

சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்ணின் முகத்தைப் பார்த்தார், பிறகு பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "பேசட்டும்," என்றார்.

நயினார் உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். தோல் அறுத்து அறுத்துக் காய்ப்பேறிய விரல்கள். முதலில் இரண்டு மூன்று சைகை வந்து நின்றுபோயிற்று. மகள் தலையை லேசாக அசைத்தாள். அவர் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை நிற்கவில்லை.

இத்தனை மாதத்தில் பத்மஜா நாலைந்து சொல் கற்றுக்கொண்டிருந்தாள். ரயில் என்று ஒருமுறை வந்தது. பயம் என்று வந்தது, பிறகு அது இல்லை என்று வந்தது. புருவத்தை விரலால் நீவுவது மாரிசெல்வியின் பெயர் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் எதற்கோ மண்டபத்தின் இடது பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் சிரித்தது. கொஞ்சம் கழித்து அதே பக்கத்தில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார், இன்னொருவர் கைக்குட்டையைத் தேடினார். மாரிசெல்வி சிரித்துக்கொண்டே அழுதாள்.

வலது பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் உமைராவைப் பார்த்தார்கள். மைக் அவள் கையில்தான் இருந்தது. அவள் அதைத் தாழ்த்திப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா சொல்றார்? சொல்லேன்," என்றார் அனந்தகிருஷ்ணன்.

"இதை மட்டும் வாயால சொல்ல வேண்டாம்னு மாரி முன்னாலயே சொல்லிட்டா மாமா," என்றாள் உமைரா.

அனந்தகிருஷ்ணன் மெதுவாக உட்கார்ந்தார். அவ்வளவு சொந்தக்காரர்களும் கை கட்டிக்கொண்டு, தங்களுக்குப் புரியாத ஒரு பேச்சு முடியும்வரை காத்திருந்தார்கள். அவசரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. வலது மூலை நாற்காலியில் இருந்த அம்மிணி மட்டும் எழுந்து நின்றிருந்தாள். அவள் பார்த்தது நயினாரை அல்ல. மணையில் உட்கார்ந்திருந்த வெங்கியை. அவன் நயினாரின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

நயினார் முடித்தார். தானே மகளின் கையை எடுத்து வெங்கியின் கையில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து மூடினார். மீனாட்சியம்மாள் தண்ணீர் விட்டாள். சற்று நேரத்தில் வெங்கி தாலியைக் கட்ட, இரண்டு தவிலும் முழங்க, இடது பக்கமிருந்தும் வலது பக்கமிருந்தும் அட்சதை ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. நடுவில் ஒரு முதுகும் இல்லை. முகூர்த்தம் தப்பவில்லை என்று சாஸ்திரிகள் பிறகு எல்லோரிடமும் தானே போய்ச் சொல்லிக்கொண்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் வேறு ஒரு குழப்பம் காத்திருந்தது. மாரிசெல்வி சொன்னபடி இலை வரிசைகளை ஒன்றையொன்று பார்த்தாற்போல் போட்டிருந்தார்கள். சிநேகிதர்கள் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டு இடது கையால் பேசினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த செல்வம் வாளியோடு ஓடிவந்தான்.

"மேடம், இலைக்கு மேல கையைக் காட்டுதாங்க. போதுங்காங்களா, இன்னும் ஊத்துங்காங்களா, பக்கத்து ஆளுகிட்ட பேசுதாங்களா, ஒண்ணும் தெரியல. நான் பாட்டுக்குப் பாயசத்தை ஊத்திக்கிட்டே இருக்கேன்."

"ஊத்தின பாயசத்தை என்ன பண்றா?"

"குடிச்சிருதாங்க மேடம்."

"அப்போ ஊத்து," என்றாள் பத்மஜா.

அவள் திரும்பும்போது கூடத்து வாசலில் அம்மிணி நின்றுகொண்டிருந்தாள். இன்னும் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வந்த உமைராவை நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"நீ கொஞ்சம் வரியா? எனக்கு என் பிள்ளையோட பேசணும்."

உமைரா விழித்தாள். "உங்ககிட்ட அவர் வாயாலயே பேசுவாருல்லா மாமி."

"பேசுவன். வேணும், வேண்டாம், போயிட்டு வரேன். பாவம், பேசறதுக்குக் கஷ்டப்படறானேன்னு நானும் சின்னச் சின்னதாத்தான் கேப்பேன். அவர் இன்னிக்கு அந்தப் பொண்ணண்ட பேசினாரே, அவ்வளவு நேரம். என் பிள்ளை என்கிட்ட அப்படிப் பேசினதா ஓர்மையே இல்லை. நீ பக்கத்துல இருந்து சொன்னா எனக்கு மனசிலாகும்."

மண்டபத்தின் நடுவில் மூன்று நாற்காலிகளை முக்கோணமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெங்கி அம்மாவைப் பார்த்தான், உமைராவைப் பார்த்தான். எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டான்.

"எதையாவது. நிறுத்தாம சொல்லட்டும்," என்றாள் அம்மிணி.

அவன் சற்றுத் தயங்கினான். அம்மா முன்னால் கையை உயர்த்துவதற்கு இன்றைக்கும் அவனுக்குக் கூச்சமாக இருந்தது போலும். பிறகு தொழிற்சாலையில் தான் ஓட்டும் மெஷினைப் பற்றி ஆரம்பித்தான். அது கெட்டுப்போகப் போகிறதென்றால் உள்ளங்கைக்கு முதலிலேயே தெரிந்துவிடும், மற்றவர்களுக்குச் சத்தம் மாறின பிறகுதான் தெரியும். அங்கிருந்து கூட வேலை செய்கிறவர்களுக்குப் போனான். டிபன் டப்பாவைத் திறந்ததும் முதல் கரண்டியை எடுத்துக்கொள்ளும் ஹமீதுக்கு. பிறகு மாரிசெல்விக்கு. இருபது வயதுக்கு மேல்தான் அவன் கையால் பேசக் கற்றுக்கொண்டான். குர்லா ஸ்டேஷனில் முதல்முறை பார்த்தபோது, நீ நாலு வயதுக் குழந்தை மாதிரி பேசுகிறாய் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாளாம்.

அம்மிணி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"உனக்குக் கோபம் வரலையாடா?" என்று உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டாள்.

அதற்கு வந்த பதில் நீளமாக இருந்தது. உமைரா பின்தொடர முடியாமல் ஒருமுறை அவனை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னாள். அம்மிணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டு மகனின் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவன் இவ்வளவு பேசுவானா," என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மாரிசெல்வி புடவை மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். அவர்களைப் பார்த்துவிட்டு நின்றாள். கிட்டே போகாமல், பக்கத்துக் கதவு வழியாக அப்பாவும் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் இன்னொரு விசேஷம் அதே மண்டபத்தில். மண்டபத்து ஆட்கள் வந்து நாற்காலிகளை மடக்கி அடுக்க ஆரம்பித்தார்கள். வரிசை வரிசையாக எடுத்துக்கொண்டே நடுவில் வந்தவர்களைப் பத்மஜா கைகாட்டி நிறுத்தினாள்.

"அந்த மூணு நாற்காலியைக் கடைசியா எடுத்துக்கோங்கோ," என்றாள்.